பேக்கப் இருந்தும் டேட்டா வரவில்லையா? போனில் எங்கே பார்ப்பது, எதைத் தொடக்கூடாது

புதிய போனில் பழைய டேட்டா வரவில்லை என்றதும் பலருடைய கை தானாகப் போவது ‘பேக்கப் நௌ’ பொத்தானுக்கு. அந்த ஒரு அழுத்தலில் காரியம் கெட்டுப்போகலாம். பல சேவைகள் ஒரு எண்ணுக்கோ ஒரு சாதனத்துக்கோ ஒரே ஒரு பிரதியைத்தான் வைத்திருக்கின்றன. காலியான போனிலிருந்து எடுத்த பேக்கப், நிறைவாக இருந்த பழையதன் மேல் எழுதப்பட்டுவிடும். பிறகு தேடுவதற்கே எதுவும் இருக்காது.

ஆகவே கீழே உள்ள எதைத் தொடங்கும் முன்னும் மூன்று விஷயங்கள். பழைய போனை ரீசெட் செய்யாதீர்கள், விற்காதீர்கள். புதிய போனில் தானியங்கி பேக்கப்பை அணைத்து வையுங்கள். பிரச்சினை தரும் ஆப்பை உடனே அன்இன்ஸ்டால் செய்யாதீர்கள். அந்த போனில் மிஞ்சியிருக்கும் பிரதியும் அதோடு போய்விடலாம்.

இன்னொரு குழப்பத்தையும் முதலிலேயே பிரித்துவிடுவோம். சிங்க் வேறு, பேக்கப் வேறு. சிங்க் என்பது கண்ணாடி மாதிரி: போனில் அழித்தால் கிளவுடிலும் அழியும். பேக்கப் என்பது ஒரு நாளில் எடுத்து வைத்த பிரதி. கூகுள் கான்டாக்ட்ஸ், ஐகிளவுட் போட்டோஸ் எல்லாம் முதல் வகை. வாட்ஸ்அப் பேக்கப், ஐபோனின் ஐகிளவுட் பேக்கப், ஆண்ட்ராய்டின் கூகுள் பேக்கப் இரண்டாம் வகை. தொலைந்த டேட்டா எந்த வகையைச் சேர்ந்தது என்று தெரிந்தால் தேட வேண்டிய இடம் பாதி தெரிந்த மாதிரி.

ஆண்ட்ராய்டு: கடைசி பேக்கப் தேதி பல வாரம் பழையதாகவே நிற்கிறது

செட்டிங்ஸில் கூகுள் என்ற பகுதிக்குள் பேக்கப் இருக்கும்; சில போன்களில் சிஸ்டம் பகுதிக்குள் இருக்கும். கிடைக்காவிட்டால் செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் அந்தச் சொல்லையே தட்டுங்கள்.

தானாக பேக்கப் ஆவதற்கு போன் சார்ஜில் இருக்க வேண்டும், யாரும் பயன்படுத்தாமல் சும்மா கிடக்க வேண்டும், அளவுக் கட்டுப்பாடு இல்லாத வைஃபையில் இருக்க வேண்டும். மூன்றும் ஒரே நேரத்தில் அமைவதில்லை என்பதுதான் பெரும்பாலும் காரணம். பகலில் அலுவலக வைஃபை, இரவில் இன்னொரு போனின் ஹாட்ஸ்பாட் என்று காலம் தள்ளுகிறவர்களுக்கு மாதக்கணக்கில் பேக்கப் நடக்காது. ஹாட்ஸ்பாட்டை ஆண்ட்ராய்டு ‘மீட்டர்டு’, அதாவது அளவுக் கட்டுப்பாடு உள்ள இணைப்பாகவே பார்க்கிறது. வைஃபை பெயரைத் தட்டி, நெட்வொர்க் பயன்பாடு என்ற இடத்தில் ‘அன்மீட்டர்டு’ என மாற்றுங்கள். அல்லது பேக்கப் பக்கத்திலேயே மொபைல் டேட்டா வழியாகவும் பேக்கப் எடுக்கும் தேர்வை இயக்குங்கள். பேட்டரி சேவரை அணைத்துவிட்டு, ஒரு இரவு முழுக்கச் சார்ஜில் விடுங்கள். முதல் பேக்கப் முடிய 24 மணி நேரம்கூட ஆகலாம்.

அதற்கும் அசையவில்லை என்றால் கணக்கின் இடம் தீர்ந்திருக்கும். கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் அதையே பங்குபோட்டுக்கொள்கின்றன. 2021 ஜூன் 1 முதல் சுருக்கிச் சேமித்த படங்களும் இந்தக் கணக்கில் சேர்கின்றன. முன்பு கணக்கில் வராத ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்போது இதற்குள்தான். “முன்பெல்லாம் நன்றாகத்தானே ஓடியது” என்ற புலம்பலுக்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கும். இடம் காலி செய்யும்போது முதலில் டிரைவின் குப்பைத் தொட்டி, ஜிமெயிலில் பெரிய இணைப்புகள், போட்டோஸில் நீள வீடியோக்கள் என்று போங்கள். குப்பைத் தொட்டியைக் காலி செய்யாதவரை இடம் திரும்பாது.

ஐபோன்: ‘கடைசி பேக்கப் முடியவில்லை’

ஐகிளவுடின் இலவச அளவு 5 ஜிபிதான், ஆகவே இங்கே சந்தேகம் முதலில் இடத்தின் மேல்தான். செட்டிங்ஸ், மேலே உங்கள் பெயர், ஐகிளவுட், ஸ்டோரேஜ், பேக்கப்ஸ், இந்தச் சாதனம் என்று உள்ளே போனால் எந்த ஆப் எவ்வளவு எடுக்கிறது என்ற பட்டியல் வரும். கிளவுடில் தானே சேமித்துக்கொள்ளும் ஆப்களை அங்கே அணைத்துவிடலாம். மறுபடி நுழைந்தால் அவற்றின் டேட்டா எப்படியும் வந்துவிடும். அதே பட்டியலில் எப்போதோ விற்ற பழைய ஐபோனின் பேக்கப் உட்கார்ந்திருந்தால் நீக்கலாம், ஆனால் அதில் இருப்பதெல்லாம் இந்த போனுக்கு வந்துவிட்டது என்று உறுதியான பிறகு.

இடம் இருந்தும் நடக்கவில்லையென்றால் நிபந்தனைகளைப் பாருங்கள்: சார்ஜர், வைஃபை, திரை பூட்டிய நிலை.

போன் மாற்றப் போகிறவர்களுக்கு ஒரு வசதி பலருக்குத் தெரிவதில்லை. செட்டிங்ஸ், ஜெனரல், டிரான்ஸ்ஃபர் ஆர் ரீசெட் பக்கத்தின் மேலே ‘புதிய ஐபோனுக்குத் தயாராகு’ என்ற பொருளில் ஒரு தேர்வு இருக்கும். அதன் வழியே போனால், 5 ஜிபியைத் தாண்டிய பேக்கப்புக்கும் தற்காலிக இடம் கிடைக்கும், 21 நாட்களுக்கு. அதற்குள் புதிய போனில் இறக்கிவிட வேண்டும்.

புதிய போனை அமைக்கும்போது பழைய பேக்கப் பட்டியலிலேயே இல்லை

நான்கு காரணங்களில் ஒன்றாக இருக்கும்.

வேறு கணக்கு. பழைய போனில் இரண்டு ஜிமெயில் கணக்குகள் இருந்திருக்கும். பேக்கப் போனது இரண்டாவதில். உலாவியில் ஒவ்வொரு கணக்காக நுழைந்து, டிரைவின் ஸ்டோரேஜ் பக்கத்தில் ‘பேக்கப்ஸ்’ என்பதைத் திறந்தால் சாதனத்தின் பெயரும் தேதியும் தெரியும்.

பழைய பதிப்பு. ஆண்ட்ராய்டில், உயர்ந்த பதிப்பில் எடுத்த பேக்கப்பைத் தாழ்ந்த பதிப்பு ஓடும் போனில் இறக்க முடியாது. ஐபோனிலும் அப்படியே. பெட்டியிலிருந்து எடுத்த புத்தம்புதிய போன் என்றாலும் அதில் இருப்பது சில மாதம் பழைய மென்பொருளாக இருக்கலாம். தீர்வு சுற்றுவழிதான், ஆனால் தவறாமல் வேலை செய்யும்: பேக்கப் எதையும் இறக்காமல் போனை வெறுமனே அமையுங்கள், மென்பொருளைப் புதுப்பியுங்கள், முழுவதையும் அழித்து மறுபடி அமையுங்கள். இப்போது பட்டியலில் வரும்.

காலாவதி. ஆண்ட்ராய்டு போனை 57 நாட்கள் பயன்படுத்தாமல் விட்டால் அதன் பேக்கப்பை கூகுள் அழித்துவிடலாம்; போட்டோஸில் ஏறிய படங்களுக்கு இந்தக் கெடு இல்லை. ஐகிளவுட் பேக்கப்பை அணைத்தோ பயன்படுத்தாமலோ விட்டால் 180 நாள் கெடு. பழுதான போனை அலமாரியில் போட்டுவிட்டு “கிளவுடில்தான் இருக்கிறதே” என்று நிம்மதியாக இருப்பவர்கள் இந்த 57-ஐ நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

நான்காவது, அவசரம். முதல்முறை அமைக்கும்போது வரும் ‘காப்பி ஆப்ஸ் அண்ட் டேட்டா’ திரையை ‘ஸ்கிப்’ செய்துவிட்டால் பல போன்களில் அந்தத் திரை மறுபடி வராது. புதிய போனில் இன்னும் எதுவும் சேரவில்லை என்றால் ரீசெட் செய்து முதலிலிருந்து வருவதே சுருக்கமான வழி.

பேக்கப் தெரிகிறது, ஆனால் பழைய போனின் பின் எண்ணையோ பேட்டர்னையோ கேட்கிறது

கேட்பது சரிதான். ஆண்ட்ராய்டு 9 முதல் இந்த பேக்கப் பழைய போனின் திரைப்பூட்டைக் கொண்டு பூட்டப்படுகிறது. கேட்பது பழைய போனில் கடைசியாக இருந்த பூட்டை. புதியதில் இப்போது வைத்ததை அல்ல, கூகுள் கடவுச்சொல்லையும் அல்ல. மறந்துவிட்டால் கூகுளாலும் திறக்க முடியாது. பழைய போன் கையில் இருந்து, கைரேகையில் திறந்துகொண்டிருந்தாலும், பின் எண் நினைவில் இல்லாமல் அதை மாற்ற முடியாது. அந்த நிலையில் கிளவுடை விட்டுவிட்டு, கேபிளைப் போட்டுப் படங்களையும் கோப்புகளையும் நேரடியாக நகலெடுங்கள். அதுவரை பழைய போனை ரீஸ்டார்ட் செய்யவே செய்யாதீர்கள். ரீஸ்டார்ட் ஆனால் கைரேகை போதாது, பின் எண்தான் வேண்டும்.

கம்ப்யூட்டரில் எடுத்த ஐபோன் பேக்கப்புக்கு வைத்த கடவுச்சொல் மறந்துபோனால் அந்தப் பிரதி போனதுதான். ஆனால் அடுத்ததை எடுக்க வழி உண்டு: ஐபோனில் ‘ரீசெட் ஆல் செட்டிங்ஸ்’ கொடுத்தால் பேக்கப் கடவுச்சொல் நீங்கும், படங்களும் ஆப்களும் அப்படியே இருக்கும், வைஃபை, திரை ஒளி போன்ற அமைப்புகள் மட்டும் போகும். இந்தத் தொல்லைக்குப் பயந்து கடவுச்சொல் இல்லாமல் பேக்கப் எடுக்காதீர்கள். சேமித்த பாஸ்வேர்டுகள், வைஃபை விவரங்கள், ஹெல்த் டேட்டா, அழைப்புப் பதிவு எல்லாம் என்கிரிப்ட் செய்த, அதாவது கடவுச்சொல் போட்டுப் பூட்டிய பேக்கப்பில் மட்டுமே சேரும்.

வாட்ஸ்அப்: ‘பேக்கப் எதுவும் கிடைக்கவில்லை’

அதிகம் பேரை அழவைப்பது இதுதான், கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

வாட்ஸ்அப் பேக்கப்புக்கு இரண்டு அடையாளங்கள் உண்டு: போன் எண், கிளவுட் கணக்கு. இரண்டும் பேக்கப் எடுத்த நாளில் இருந்தவையாகவே இருக்க வேண்டும். எண் மாற்றிய பிறகு புதிய எண்ணில் நுழைந்தால் பழைய பேக்கப் தெரியாது. ஆண்ட்ராய்டு என்றால் அதே கூகுள் கணக்கு போனில் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். எந்தக் கணக்கு என்று நினைவில்லாவிட்டால், முன்பு சொன்ன டிரைவ் பேக்கப்ஸ் பட்டியலில் வாட்ஸ்அப்பின் பெயரும் உங்கள் எண்ணும் எந்தக் கணக்கில் தெரிகிறது என்று பாருங்கள். கோப்பு அங்கே சாதாரணமாகத் திறக்காது. அது இருக்கிறதா, எந்தத் தேதி என்று மட்டும் தெரிந்தால் போதும்.

ரீஸ்டோர் கேள்வி எண்ணைச் சரிபார்த்த உடனே ஒருமுறைதான் வரும். அதைத் தள்ளிவிட்டு சாட்டுக்குள் நுழைந்துவிட்டீர்களா? முதல் வேலை: வாட்ஸ்அப் செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் பேக்கப் சென்று தானியங்கி பேக்கப்பை ‘நெவர்’ ஆக்குங்கள். இல்லாவிட்டால் அன்றைய அதிகாலையிலேயே, வழக்கமாக 2 மணி வாக்கில், காலி சாட்டுகள் பேக்கப்பாகி நல்ல பிரதியின் மேல் ஏறிவிடும். அதன் பிறகே ஆப்பை நீக்கி, மறுபடி நிறுவி, கேள்வி வரும்போது ‘ரீஸ்டோர்’ கொடுங்கள்.

கிளவுட் பிரதி கெட்டுப்போயிருந்தால், ஆண்ட்ராய்டில் இன்னொரு வாய்ப்பு உண்டு. போனுக்குள்ளேயே கடைசி ஏழு நாட்களுக்கான பிரதிகள் வரை இருக்கும்.

1. பழைய போனில் ஃபைல் மேனேஜரைத் திறந்து, ஆண்ட்ராய்டு, மீடியா, வாட்ஸ்அப்பின் பெயர் கொண்ட ஃபோல்டர், வாட்ஸ்அப் என்று உள்ளே போங்கள். இந்த வாட்ஸ்அப் ஃபோல்டரை முழுதாகக் கம்ப்யூட்டருக்கு நகலெடுங்கள். மூலத்தைத் தொடாதீர்கள்.
2. நகலில் ‘டேட்டாபேஸஸ்’ ஃபோல்டரைத் திறந்தால், பெயரில் தேதி உள்ள கோப்புகள் சிலவும் தேதி இல்லாத ஒன்றும் இருக்கும். தேதி இல்லாததுதான் கடைசிப் பிரதி.
3. முந்தைய நாளுக்குப் போக வேண்டுமானால், தேதியில்லாத கோப்புக்கு வேறு பெயர் வைத்து ஒதுக்குங்கள். வேண்டிய நாளின் கோப்புப் பெயரிலிருந்து தேதிப் பகுதியையும் அதைத் தொடரும் ‘.1’ என்பதையும் மட்டும் நீக்குங்கள். கடைசியில் உள்ள கிரிப்ட்14, கிரிப்ட்15 என்ற ஒட்டை மாற்றக்கூடாது. அது பூட்டின் வகையைச் சொல்வது.
4. புதிய போனில் வாட்ஸ்அப்பை நிறுவுங்கள், ஆனால் திறக்காதீர்கள். நகலெடுத்த ஃபோல்டரை அதே இடத்தில் வையுங்கள்.
5. அந்த போனில் கூகுள் கணக்கு சேர்ந்திருந்தால் கிளவுட் பிரதியே முன்னால் வந்து நிற்கும்; கணக்கைத் தற்காலிகமாக நீக்கிவிட்டு வாட்ஸ்அப்பைத் திறந்து, அதே எண்ணைச் சரிபாருங்கள்.

‘எண்ட்-டு-எண்ட் என்கிரிப்டட் பேக்கப்’ இயக்கியிருந்தால், நீங்கள் வைத்த கடவுச்சொல்லையோ 64 இலக்க விசையையோ கேட்கும். இரண்டும் இல்லையென்றால் வாட்ஸ்அப்பை மன்றாடியும் பயனில்லை. பழைய போனில் வாட்ஸ்அப் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் தப்பலாம்: அங்கே அதே அமைப்புக்குள் போய்க் கடவுச்சொல்லை மாற்றி, புதிதாக பேக்கப் எடுங்கள். புதிய போனில் எண்ணைச் சரிபார்க்கும் முன்பே இதைச் செய்ய வேண்டும். சரிபார்த்த நொடியில் பழைய போன் வெளியேற்றப்படும்.

டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனின் 6 இலக்க பின் வேறு. அதை மறந்து, மீட்பு மின்னஞ்சலும் கொடுத்து வைக்கவில்லையென்றால் 7 நாள் காத்திருந்தால் வழி திறக்கும். டேட்டா போகாது.

ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு மாறுகிறவர்கள் டிரைவிலிருந்து ரீஸ்டோர் செய்யத் தேடவே வேண்டாம். கூகுள் டிரைவ் பேக்கப்பை ஐபோன் படிக்காது, ஐகிளவுட் பேக்கப்பை ஆண்ட்ராய்டு படிக்காது. ஐபோனை முதல்முறை அமைக்கும்போதே ‘மூவ் டு ஐஓஎஸ்’ ஆப் வழியாக வாட்ஸ்அப்பையும் சேர்த்து அனுப்ப வேண்டும். ஒரே வகைப் போன்களுக்கிடையே என்றால் கிளவுடே தேவையில்லை: சாட்ஸ் அமைப்பில் உள்ள ‘டிரான்ஸ்ஃபர் சாட்ஸ்’, ஒரு கியூஆர் கோடு, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு போன்கள். ‘எக்ஸ்போர்ட் சாட்’ கொடுத்து மின்னஞ்சலில் அனுப்பி வைத்தது பேக்கப் ஆகாது. அது படிப்பதற்கான எழுத்துக் கோப்பு, திரும்ப உள்ளே ஏற்ற முடியாது.

ரீஸ்டோர் பாதியில் நின்றால், முதலில் போனின் காலி இடத்தைப் பாருங்கள். செய்திகள் முதலில் வந்துவிடும், படங்களும் வீடியோக்களும் பின்னணியில் மெல்ல இறங்கும். மங்கலான படங்களைப் பார்த்துப் பதறி மறுபடி அழித்து நிறுவினால் எல்லாம் முதலிலிருந்து.

படங்கள் பாதிதான் வந்தன

கூகுள் போட்டோஸ் இயல்பாக எடுப்பது கேமரா ஃபோல்டரை மட்டும். வாட்ஸ்அப் படங்கள், ஸ்கிரீன்ஷாட்டுகள், டவுன்லோடுகள் ஆகியவற்றுக்குப் பேக்கப் அமைப்பில் ‘டிவைஸ் ஃபோல்டர்ஸ்’ பட்டியலில் ஒவ்வொன்றாக இயக்க வேண்டும். பழைய போன் இன்னும் உயிரோடு இருந்தால் இப்போதே இயக்கிவிடுங்கள்.

போனில் இடம் பிடிக்கிறது என்று போட்டோஸ் ஆப்பில் அழித்தவர்கள் கிளவுடிலும் அழித்திருக்கிறார்கள். பேக்கப் ஆன படங்கள் குப்பைத் தொட்டியில் 60 நாள் இருக்கும். ஐகிளவுட் போட்டோஸில் ‘ரீசென்ட்லி டிலீட்டட்’ 30 நாள். போனில் மட்டும் இடம் காலியாக வேண்டுமென்றால் அதற்கான பொத்தான் ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’.

படங்கள் வந்தன, ஆனால் எல்லாம் ஒரே தேதியில்

கேமரா எடுத்த படத்துக்குள்ளேயே தேதி பதிந்திருக்கும். வாட்ஸ்அப் வழியாக வந்த படத்தில் அது இருக்காது. கேலரி கோப்பின் தேதியைப் பார்த்து அடுக்கும், நகலெடுத்த நாளே கோப்பின் தேதியாகிவிடும். நல்லவேளையாக, வாட்ஸ்அப் வைக்கும் கோப்புப் பெயரிலேயே வருடம், மாதம், நாள் எட்டு இலக்கமாக இருக்கும். கேலரியில் பெயர்வாரியாக அடுக்கினால் வரிசை திரும்பும். நிரந்தரமாகச் சரியாக வேண்டுமென்றால் பெயரிலிருந்து தேதியை எடுத்துப் படத்துக்குள் எழுதும் ஆப்கள் இருக்கின்றன. முதலில் பத்துப் படங்களின் நகலில் சோதியுங்கள்.

தொடர்பு எண்கள் இல்லை, அல்லது தமிழ்ப் பெயர்கள் சிதைந்து வந்தன

இல்லாத எண்கள் பெரும்பாலும் ‘டிவைஸ்’ அல்லது ‘சிம்’ என்ற கணக்கில் சேமிக்கப்பட்டவை. பழைய போனின் கான்டாக்ட்ஸ் ஆப்பில் அவற்றைத் தேர்ந்தெடுத்துக் கூகுள் கணக்குக்கு நகர்த்துங்கள். தவறாக அழித்தவையென்றால் கூகுள் கான்டாக்ட்ஸின் இணையப் பக்கத்தில் ‘அண்டூ சேஞ்சஸ்’ உண்டு, 30 நாள் வரை பின்னோக்கிப் போகலாம். ஆனால் அது முழுப் பட்டியலையும் அந்த நாள் நிலைக்குத் திருப்பும். இடையில் சேர்த்தவை போகும், ஆகவே முதலில் இப்போதைய பட்டியலை எக்ஸ்போர்ட் செய்துகொள்ளுங்கள்.

தமிழ்ப் பெயர் பாதியில் அறுந்திருந்தால் அது சிம்மில் சேமித்த பெயர். சிம்மில் ஒரு பெயருக்கான இடம் மிகக் குறைவு. தமிழ் எழுத்து அதில் கூடுதல் இடம் பிடிக்கும், கொம்பும் காலும் புள்ளியும்கூடத் தனித்தனியாகக் கணக்காகும். அறுந்த பகுதி சிம்மில் இல்லவே இல்லை, மீட்க எதுவுமில்லை.

பெயருக்குப் பதிலாகச் சமக்குறியும் எண்ணும் ஆங்கில எழுத்தும் மாறி மாறி வந்தால், டேட்டா பத்திரமாகத்தான் இருக்கிறது. அது தொடர்பு எண்களைச் சேமிக்கும் விகார்டு கோப்பின் 2.1 வடிவம், தமிழை அப்படித்தான் குறித்து வைக்கும். அந்தக் கோப்பை போனின் சொந்தக் கான்டாக்ட்ஸ் ஆப்பில் இறக்கி, கூகுளுக்கு சிங்க் செய்து, அங்கிருந்து எக்ஸ்போர்ட் செய்தால் ஒழுங்காக வரும். எக்ஸ்போர்ட் செய்த பட்டியல் சிஎஸ்வி (அட்டவணை) கோப்பாக இருந்து, அதை எக்ஸெலில் இருமுறை தட்டித் திறந்து, சிதைந்த எழுத்துகளைப் பார்த்தால் சேமிக்காமல் மூடுங்கள். சேமித்தால் சிதைவு நிரந்தரமாகிவிடும். எக்ஸெலின் டேட்டா இம்போர்ட் வழியாக, எழுத்துக் குறியீடாக யுடிஎஃப்-8 தேர்ந்தெடுத்துத் திறக்க வேண்டும்.

கேபிள் போட்டும் கம்ப்யூட்டருக்கு வரவில்லை

சார்ஜ் மட்டும் ஏறுகிறதென்றால், அறிவிப்புப் பட்டையை இழுத்து யுஎஸ்பி பயன்பாட்டை ‘ஃபைல் டிரான்ஸ்ஃபர்’ ஆக மாற்றுங்கள். அங்கே அந்தத் தேர்வே இல்லையென்றால் கேபிளில் டேட்டா கம்பி இல்லை, வேறு கேபிள் பாருங்கள்.

விண்டோஸில் ஐபோன் படங்களை இழுக்கும்போது ‘சாதனம் இயங்கவில்லை’ என்ற பொருளில் பிழை வந்து நகல் நடுவில் அறுந்தால், ஐபோனின் போட்டோஸ் அமைப்பில் அடியில் ‘டிரான்ஸ்ஃபர் டு மேக் ஆர் பிசி’ என்பதை ‘ஆட்டோமேட்டிக்’கிலிருந்து ‘கீப் ஒரிஜினல்ஸ்’ ஆக்குங்கள். அனுப்பும்போதே படங்களை ஜேபெக்காக மாற்ற முயன்று போன் திணறுவதுதான் காரணம்.

ஒரு பெரிய வீடியோ மட்டும் பென் டிரைவில் ஏற மறுத்தால் அது எஃப்ஏடி32 வடிவம். 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பை ஏற்காது. எக்ஸ்ஃபேட் ஆக ஃபார்மேட் செய்யுங்கள், உள்ளே இருப்பதை முதலில் எடுத்து வைத்துவிட்டு.

ஆப் வந்தது, உள்ளே ஒன்றுமில்லை

ஆண்ட்ராய்டின் கிளவுட் பேக்கப் ஒரு ஆப்புக்கு 25 எம்பி வரைதான் எடுக்கும், பேக்கப்பே வேண்டாம் என்று ஆப் தயாரித்தவர்கள் மறுக்கவும் முடியும். வங்கி ஆப்கள் பாதுகாப்புக்காக மறுப்பது இயல்பு. புதிதாகப் பதிவுசெய்ய வேண்டியதுதான். ஓடிபி உருவாக்கும் ஆப்களைத்தான் கவனிக்க வேண்டும். கூகுள் ஆத்தென்டிகேட்டருக்கு 2023 முதல் கணக்கு சிங்க் உண்டு, ஆனால் இயக்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் பழைய போனிலிருந்து கியூஆர் மூலம் எக்ஸ்போர்ட் செய்யும்வரை அங்கே அந்த ஆப்பை அழிக்கக்கூடாது. டெலிகிராமில் சாதாரண சாட்டுகள் நுழைந்ததும் வரும், சீக்ரெட் சாட்டுகள் அந்த போனோடு போயின.

திரை உடைந்துவிட்டது, போன் உயிரோடு இருக்கிறது

அணைக்காதீர்கள், சார்ஜில் வையுங்கள். தொடுதிரை மட்டும் வேலை செய்யவில்லையென்றால் ஓடிஜி அடாப்டரில் (யுஎஸ்பி சாதனங்களை போனில் இணைக்கும் சிறு இணைப்பான்) ஒரு சாதாரண யுஎஸ்பி மவுஸைச் செருகுங்கள். ஆண்ட்ராய்டில் அம்புக்குறி வரும், பின் எண்ணை அதைக் கொண்டே தட்டலாம். காட்சியே இல்லையென்றால், யுஎஸ்பி-சி வழியாக வீடியோ அனுப்பும் போனாக இருக்கும்பட்சத்தில் ஹப் மூலம் டிவியில் பார்க்கலாம். எல்லா போன்களிலும் அந்த வசதி இல்லை. இரண்டும் கைகொடுக்காவிட்டால் திரையை மாற்றுவதுதான் வழி. மெமரி சிப்பைக் கழற்றி டேட்டா எடுத்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் பணம் கொடுக்காதீர்கள்: இன்றைய போன்களில் சேமிப்பு முழுக்க என்கிரிப்ட் ஆகியிருக்கும், அதன் சாவி அந்த போனின் செயலியோடும் உங்கள் பின் எண்ணோடும் பிணைந்தது. கழற்றிய சிப்பில் கிடைப்பது வெறும் குப்பை.